அருள்வழியன் எழுதாத இரண்டு வரி

காலை பத்து நாற்பதுக்கு வக்கீல் ஆபீசில் போன் அடித்தது. நான் ஒரு ஜாமீன் மனுவின் இரண்டாம் பக்கத்தை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் என் மகள் உமாவின் தோழி.

"ஆன்ட்டி, உமா வூட்டுக்கு வந்துட்டாளா? கெமிஸ்ட்ரில போயிடுச்சி ஆன்ட்டி. பிரவுசிங் சென்டர்லேர்ந்து ஒண்ணும் பேசாம எறங்கிப் போயிட்டா."

அன்று பிளஸ் டூ ரிசல்ட். காலையில் கிளம்பும்போது நான் உமாவிடம், "நல்ல மார்க் வந்தா மட்டும் ஆபீசுக்கு வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆபீசிலிருந்து வீடு பத்து நிமிட நடை. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கதவில் பூட்டு தொங்கியது. என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். அவள் வந்துவிட்டுப் போயிருந்தாள். கெமிஸ்ட்ரி புத்தகம் குப்பைக் கூடையில் கிடந்தது. மேஜைமேல் அந்த வருடத்து 'தினத்துணை' அன்றைய தேதியில் திறந்திருந்தது. வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு.

'இன்று உன் மனம் உடைந்தால் வீட்டுக்குள் அடைந்து கிடக்காதே. கடற்கரைக்குப் போ. பாறைமேல் உட்கார். அலைகளை எண்ணு.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு தூக்குச்சட்டி படம். சீர்வரிசைப் பாத்திரங்களுக்குத் தங்களை அணுகும்படி பஜாரில் இருந்த ஒரு பாத்திரக்கடை கேட்டுக்கொண்டிருந்தது.

பதினேழு வயதுப் பெண், பெயிலான நாள், கடல். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கணவர் லாரியோடு நெல்லூர்ப் பக்கம் போயிருந்தார். கூப்பிடக் கையில் ஒரு நம்பரும் இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே ஓடினேன். அதை அச்சடித்த பிரஸ் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் இருந்தது. இதை எழுதியவனைப் பிடித்துச் சட்டையைப் பற்றி உலுக்க வேண்டும் என்பது தவிர மனத்தில் வேறொன்றும் இல்லை.

பிரஸ் வாசலில் முதலில் எதிர்ப்பட்டவர் முழுப்பக்கம். அவரைப் பற்றிச் சொல்லாமல் நான் இந்தக் கதையில் மேலே போக முடியாது.

காலி இடத்தைக் கண்டு பயந்த மனிதர் என்று செங்கல்பட்டில் ஒருவர்தான் இருந்தார். பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, போலீசுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. இவர் ஒரு காகிதத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாகக் கிடந்தால் பயப்படுவார். அந்த பிரஸ்ஸில் அச்சுக் கோர்ப்பவர் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளம் கொடுத்த முதலாளிகூட அவரை முழுப்பக்கம் என்றே கூப்பிட்டார்.

வரிகள் முடிந்து இடம் மிஞ்சினால் அங்கே ஈயக்கட்டைகளை வைத்து நிரப்பிவிட வேண்டும். கட்டையில் மை படாது, காகிதத்தில் அந்த இடம் வெள்ளையாக விழும். உலகத்தில் எல்லா பிரஸ்ஸிலும் அதுதான் வழக்கம். முழுப்பக்கத்துக்கு மட்டும் கை வராது. அங்கே இரண்டு வரியைத் தானாகச் சேர்த்து ஓட்டிவிடுவார். ஒரு கல்யாணப் பத்திரிகையின் அடியில், 'பந்தியில் அவசரப்பட வேண்டாம், சாப்பாடு வேண்டிய அளவு உள்ளது' என்று போட்டார். அந்த உறுதிமொழியை நம்பி ஊரே திரண்டு வந்தது. இரண்டாம் பந்தியிலேயே சாம்பார் தீர்ந்துபோனது. பெண்ணின் தாய்மாமன் பிரஸ்ஸுக்கு வந்து மேஜையைக் குத்தினார்.

"யாருய்யா உன்னை இதெல்லாம் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எடம் சும்மா கெடந்துச்சிண்ணா."

எங்கள் வக்கீல் கோபக்காரர். ஜட்ஜிடமே எகிறுவார். அவருக்கு லெட்டர்பேடு அடித்தபோது பெயருக்குக் கீழே இருந்த காலி இடத்தில், 'பொறுமையாகப் பேசி முடிப்பவர்' என்று ஒரு வரி ஏறிவிட்டது. கட்டுக்கட்டாக அடித்தாகிவிட்டது, என்ன செய்வது? அந்தக் காகிதம் தீரும்வரை எதிர்க்கட்சிக்காரர்களிடம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அந்தக் காலத்தில்தான் எங்களுக்கு நிறையக் கேஸ் சமரசமானது.

ஒரு முறை கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்றின் கடைசியில், 'இவர் வீட்டில் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை' என்று சேர்த்தார். செத்துப்போனவர் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கத்தக்கூடியவர். அன்று நான் அங்கே இருந்தேன். அவருடைய மனைவி நோட்டீசை வாங்கி மூன்று தடவை படித்தாள். முதலாளி வேர்த்து வழிந்தார். அந்தம்மா நோட்டீசை மடித்து, "இப்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவர் சாப்பாட்டு டப்பாவில் சோற்றுக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஒரு வாழைப்பழத்தை அமுக்கி வைப்பார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர் இருந்தால், நின்றுகொண்டிருப்பவரின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார். எங்காவது பேச்சு நின்றுவிட்டால், தன் ஓரகத்தியின் ஆபரேஷன் கதையைத் தொடங்குவார் என்று முதலாளி கேலி செய்வார். ஆண் பிள்ளைக்கு ஏது ஓரகத்தி என்று நாங்கள் கேட்டால், "எதுனா சொல்லணும்ல தங்கச்சி" என்பார் முழுப்பக்கம்.

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பிரஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கண்ணீர் அஞ்சலிக்குப் பெரிய பேனர் வைத்தார்கள். மூலையில் சின்னதாக அவர் படம், மற்றபடி முக்கால்வாசி வெறும் நீல வானம். பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

இனி 'தினத்துணை'யைச் சொல்கிறேன். உள்ளங்கை அளவுப் புத்தகம். நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நான்கைந்து வரி, மனத்துக்குத் தெம்பு தருகிற மாதிரி. ஜனவரி பிறப்பதற்கு முன் கடைகளுக்கு வந்துவிடும். எழுதியவர் பெயர் 'அருள்வழியன்' என்று இருக்கும். யார் அது என்பதில் ஊரில் பல கட்சிகள். ரிட்டையரான கலெக்டர் என்றார்கள். கல்பாக்கத்தில் வேலை பார்க்கிற பெரிய விஞ்ஞானி, தமிழில் எழுதுவது ஆபீசுக்குத் தெரிந்தால் வம்பு என்பதால் பெயரை மறைக்கிறார் என்றார்கள். திருவிடந்தையில் ஒரு டீச்சரம்மா என்று எங்கள் வக்கீல் சத்தியம் பண்ணுவார். அருள்வழியனைப் பார்க்க வாசகர்கள் பழக்கூடையோடு பிரஸ்ஸுக்கே வருவார்கள். "ஐயா மௌன விரதம்" என்று சொல்லி முதலாளி பழங்களை உள்ளே வாங்கி வைப்பார்.

முழுப்பக்கத்துக்கு அருள்வழியன் என்றால் சாமி. அந்தப் பக்கங்களைக் கோர்க்க உட்காருமுன் மைக்கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். வாசகர்களின் கடிதங்களுக்கு முழுப்பக்கமே கார்டில் பதில் எழுதுவார், விலாசத்துக்கு மட்டும் இடம் விட்டு. வருடா வருடம் ஒரு பிரதியை எனக்குச் சும்மா கொடுப்பார்கள். நான் அதை உமாவிடம் கொடுத்துவிடுவேன். ஆறு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவள், ஒரு நாள் விடாமல் காலையில் அன்றைய பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பாள். என்னிடம் கேட்காததை எல்லாம் அதனிடம் கேட்டாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

புத்தகத்தை முதலாளியின் மேஜைமேல் போட்டேன்.

"இதை எழுதினது யாரு?"

"அருள்வழியன் ஐயா" என்றார்.

"அவர் வீடு எங்க இருக்கு?"

"எதுக்கு மேடம்?"

"எம் பொண்ணைக் காணோம். இவர் கடற்கரைக்குப் போன்னு சொல்லியிருக்காரு. எந்தக் கடற்கரை, எந்தப் பாறைன்னு இவர்தான சொல்லணும்."

அவர் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல மேடம்" என்றார்.

முதல் மூன்று வருடம் மாமல்லபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு துணி மூட்டை வந்ததாம். கண்டக்டர் எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவாராம். உள்ளே வருடம் முழுவதற்கும் எழுதிய காகிதம். விலாசம் கிடையாது, கடிதம் கிடையாது. நாலாவது வருடம் மூட்டை வரவில்லை. கடைக்காரர்கள் புத்தகம் எங்கே என்று நெருக்கினார்கள். பழைய புத்தகங்களைக் கத்தரித்து, தேதிகளை மாற்றிக் கலைத்துப் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டார் முதலாளி. அன்றிலிருந்து அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஜனவரியில போட்டது மே மாசத்துல வரும் மேடம். யாரும் கண்டுபிடிச்சதில்ல."

என் மகளுக்குத் தினமும் காலையில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது யார் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பின்னாலிருந்து முழுப்பக்கம் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "அதுக்குக் கீழ ரெண்டு வரி கீது தங்கச்சி" என்றார்.

"எங்கய்யா கீது? தூக்குச்சட்டிதான் கீது" என்றார் முதலாளி.

"போன புக்கு வரைக்கும் இருந்துச்சி மொதலாளி. 'நூறு வந்ததும் எழுந்திரு. வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.' நீங்கதான வெளம்பரம் வருது, ரெண்டு வரி எடுன்னீங்க."

"எடுன்னேன். எதை எடுக்கணும்னு உனக்குத் தெரிய வாணாமா?"

முழுப்பக்கத்தின் முகம் அவருடைய ஈய எழுத்துகளின் நிறத்துக்கு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு வக்கீல் இறங்கி வந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானே போவதாகச் சொன்னார். "பாறைன்னா மாமல்லபுரம்தான்மா. பஸ் ஏறு, நிக்காத" என்றார். நான் வாசல்படி இறங்கும்போது முழுப்பக்கம் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்கண்ணே?"

"தெர்ல. வரேன்."

பஸ் கிளம்பியதிலிருந்து அவர் பேசினார். டிரைவரின் ஊர், டிக்கெட் அச்சடித்த தாளின் தரம், திருக்கழுக்குன்றம் மலைக்கு எத்தனை படி, அதில் எத்தனை படி உடைந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நின்று நின்று ஆட்களை ஏற்றியது. "அண்ணே, கொஞ்சம் பேசாம வரீங்களா" என்றேன். சட்டென்று நிறுத்திவிட்டார். கை மட்டும் முழங்காலில் எழுத்துக் கோர்ப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

பூஞ்சேரி தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்.

"அந்த ரெண்டு வரி ஐயா எழுதல தங்கச்சி."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஐயா 'எண்ணு'ன்னு முடிச்சிட்டாரு. கீழ காலியா கெடந்துச்சி. பொழுதுக்கும் அங்கியே குந்திகினு இருப்பாங்களேன்னு தோணிச்சி. நாந்தான் போட்டேன். மொதலாளிக்கே தெரியாது. இந்த வாட்டி எடுக்கச் சொன்னாங்க. ஐயா வரில கை வெக்க நான் யாரு? என்னுத எடுத்துட்டேன்."

"வேற எங்கெல்லாம் போட்டிருக்கீங்க?"

"எங்கெல்லாம் காலியா இருந்துச்சோ அங்கெல்லாம்."

"பாதியாவது அவர் எழுதினதா இருக்குமா?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "மொத வருசம் இருந்துச்சி" என்றார்.

மாமல்லபுரத்தில் இறங்கியபோது வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. சிற்பக்கூடங்களில் உளிச்சத்தம். ஒவ்வொரு அடியும் என் மண்டையில் விழுந்தது. கடற்கரைக் கோயில் பக்கம் பாறை பாறையாகத் தேடினோம். டூரிஸ்டுகள், ஐஸ் வண்டி, பாசிமணி விற்கிறவர்கள். முழுப்பக்கம் ஒருவரையும் விடவில்லை.

"நைனா, ஒரு பொண்ணு வந்துச்சா? பச்சை சுடிதாரு. நெத்தில சின்ன தழும்பு, மூணாவது படிக்கச்சொல்ல சைக்கிள்லேர்ந்து வுழுந்தது. நல்ல பொண்ணு. பத்தாவதுல இங்கிலீசுல தொண்ணூறுக்கு மேல வாங்கிச்சி."

"பெருசு, பாத்தியான்னா பாத்தியான்னு கேளு. ஜாதகத்த ஏன் படிக்கிற?" என்றான் ஒரு பாசிமணிக்காரன்.

எனக்குத் தெரியாத விஷயமெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பள்ளி விட்டு ஆபீசுக்கு வருகிற நாளில் எல்லாம் நான் டைப் அடித்து முடிக்கும்வரை உமா கீழே பிரஸ்ஸில்தான் உட்கார்ந்திருப்பாள். அப்போது பேசியிருக்கிறார்கள்.

மூன்று மணிக்குமேல் மணலில் உட்கார்ந்தேன். படகுகள் நிறுத்தியிருந்த பக்கம் இன்னும் தேடவில்லை, எழுந்து போக உடம்பில் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய அலை வந்து உடையும் ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். முழுப்பக்கம் என் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு உடைந்த துடுப்புக் கட்டையைத் தேடி எடுத்துவந்து, ஈர மணலில் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

'நூறு வந்ததும் எழுந்திரு. வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.'

ஓர் ஆள் நீளத்துக்கு ஒவ்வொரு எழுத்து. முடித்துவிட்டுப் பத்தடி தள்ளி மறுபடி அதே இரண்டு வரி. முதல் வரியை அலை வந்து எடுத்துக்கொண்டு போனால் ஓடிவந்து கொஞ்சம் மேலே மறுபடி எழுதினார். படகுப் பக்கமாக நகர்ந்துகொண்டே போனார். வலை உலர்த்துகிறவர்கள் சிரித்தார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து, "இன்னா பெருசு, எலெக்‌ஷனா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு படிக்கணும் சார்" என்றார். நிமிரவில்லை.

வேட்டி முழங்கால் வரை நனைந்து ஒட்டியிருந்தது. மூச்சு இளைத்தது. காலையில் அந்தப் புத்தகத்தை எழுதியவன் சட்டையைப் பிடித்து உலுக்க வந்தவள், எப்போது எழுந்தேன் என்று தெரியாமல், அவர் செருப்பையும் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்துகொண்டிருந்தேன். "அந்த எழுத்து அழிஞ்சிடுச்சிண்ணே, அங்க" என்று காட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை எழுதினார் என்று நான் எண்ணவில்லை.

நாலரை மணி இருக்கும். கடைசிப் படகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கருங்கல் கொட்டியிருந்த இடத்திலிருந்து, ஒரு மீன்காரம்மா வந்தாள். தலையில் காலிக் கூடை. ஒரு கையால் உமாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். உமாவின் முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்தபடியே நடந்துவந்தாள்.

நான் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். முழுப்பக்கம் துடுப்புக் கட்டையோடு பாதி எழுத்தில் நின்றார். மீன்காரம்மா எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூடையை இறக்கி வைத்தாள்.

"உம் பொண்ணாம்மா இது? காலைலேர்ந்து கல்லு மேல குந்திகினு அலைய எண்ணிகினு கீது. ஆயிரத்தத் தாண்டிடிச்சாம். எழுந்து வாடின்னா, எப்ப நிறுத்தறதுன்னு புக்குல போடலன்னு அழுவுது. தோ, இங்க மணல்ல கீறதப் படிச்சிட்டுத்தான் எங்கூட நடந்து வந்துச்சி. இத்த எழுதுனது நீயா அண்ணாத்த? மொதல்லியே போட்டுத் தொலைக்கறதுக்கு இன்னா? சரி, வுடு. அழுவாத. நீயும் ஒண்ணும் துண்ணலபோலக் கீது. வூடு தோ அங்கதான், எல்லாரும் வாங்க."